யார் சொன்னால் வண்டி நகரும்?

அவைக்கு அணியான தலைவி அவர்களே, அனுபவத்தில் பழுத்த பெரியோர்களே, அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! அடியவளின் வணக்கம்.

ரைட்! பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவரும் பழகிப் பேசும் ஆங்கிலச் சொல். வலப்பக்கம் என்றால் ரைட். விடைத்தாளில் வாத்தியார் போடுவது ரைட். வாதாடிப் பெறும் உரிமையும் ரைட். பால் பொங்கி வழிந்தாலோ, "ரைட்டு, போச்சு" என்கிறோம். பின்வரிசைத் தம்பியும் "ரைட்டு" என்கிறார். பொறுங்கள் தம்பி, இன்னும் வண்டியே எடுக்கவில்லை!

என் மருமகள் பேருந்து நடத்துநர். வேலை நிரந்தரமாகாத காலம். ஒருநாள் காலை அவள் வண்டியில் நானும் போனேன். மூச்சு முட்டும் கூட்டம். நிறுத்தத்தில் ஆட்கள் இறங்கி ஏறியாயிற்று. ஓட்டுநர் காத்திருக்கிறார். இவளோ ரைட் சொல்லவில்லை. எட்டி எட்டிப் பின்படிக்கட்டையே பார்க்கிறாள். கைக்குழந்தையோடு இறங்கிய பெண் விலகி நடந்ததைக் காணவில்லையாம்.

கூட்டம் கொதித்தது. "என்னம்மா, ரைட் சொல்ல நல்ல நேரம் பாக்குறியா?" என்றார் ஒருவர். கோட்டுப் போட்ட ஓர் அதிகாரி, ஒரே போனில் அவள் வேலையைத் தொலைத்துவிடுவதாக மிரட்டிவிட்டு, தாமே "ரைட், ரைட்" என்றார். பேருந்தே சேர்ந்து கத்தியது.

ஓட்டுநர் திரும்பாமலே சொன்னார்: "எவ்வளவு வேணா கத்துங்க சார். கண்டக்டர் பொண்ணு சொல்லாம என் கால் பிரேக்கை விட்டு வராது."

கூட்டத்தைப் பிளந்து இறங்கினாள் மருமகள். பின்சக்கரத்தின் முன்னே என்ன கண்டாள்? உருண்டோடிய மருந்துப் புட்டியை எடுக்க, குழந்தையை இடுப்பில் இடுக்கியபடி, வண்டிக்கடியில் தலையை நுழைத்திருந்தாள் அந்தத் தாய்!

இருவரையும் ஓரமாய் நிறுத்திவிட்டு ஏறியவள் சொன்னாள்: "போலாம், ரைட்." அதிகாரியா? இறங்கும்வரை தம் காலணியையே பார்த்துக்கொண்டு வந்தார்.

அத்தனை வாய்கள் கத்திய ரைட் எது? அவசரம்! அந்த ஒற்றை வாய் உதிர்த்த ரைட் எது? கண்ணால் கண்டேன் என்ற சத்தியம்! தாய்மார்களே, மகளின் கல்யாணமோ, மனையின் பத்திரமோ, "சீக்கிரம் சரின்னு சொல்லு" என்று ஊரே உங்களைச் சூழ்ந்து நெருக்கும். நெருக்கட்டும்! இறங்கிப் பாருங்கள். சக்கரத்தின் முன்னே குனிந்திருப்பவர் யாரென்று பாருங்கள். அதுவரை வாய் திறவாதீர்கள்.

தலைவியம்மாவின் கை மணியைத் தொட்டுவிட்டது. செவி தந்த உங்களுக்கெல்லாம் நன்றி. பார்த்துவிட்டேன் அம்மா, யாரும் குனிந்திருக்கவில்லை. ரைட்! வணக்கம்.