கீழ ஆள் இருக்கா?

— அப்புறம் அந்த லிஃப்ட் எங்க போய் நின்னுச்சு? சொல்லுங்கப்பா, போன்ல பதிவாகிட்டிருக்கு.

— எங்க நிக்கும் பாப்பா? தரைத் தளத்துலதான்.

— தரைக்கும் கீழ ஒரு ஊர் இருக்குன்னீங்களே. அங்க வெளிச்சத்தை அளந்து விக்கிறாங்கன்னு போன மாசம் நீங்கதானே சொன்னீங்க?

— தரைக்குக் கீழ குழிதான் இருக்கும். கிரீஸ், தூசி, எலிப்புழுக்கை. காலம் பூரா லிஃப்ட் ரிப்பேர் பார்த்தவன்கிட்ட கேக்குற கேள்வியா இது?

— சரி, அந்த ஊர் ராணி? தன் நிழலைத் தொலைச்சாளே?

— எந்த ராணி?

— போச்சு. இன்னிக்கும் தெளிவாத்தான் இருக்கீங்க.

— அப்பன் புத்தி தெளிவா இருந்தா சந்தோஷப்படணும். நீ என்னடான்னா எழவு விழுந்த வீட்டுல உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருக்கே.

— சந்தோஷம்தான்ப்பா... இல்ல, பொய் சொல்ல வாய் வரல. பயமா இருக்கு. மூணாவது புத்தகத்துக்குக் கடைசி அத்தியாயம்தான் பாக்கி. அட்டைகூட அச்சாயிடுச்சாம், பதிப்பாளர் போன் மேல போன் போடறார். எனக்கு ஒரு வரி ஓடல.

— மாயக் கதை எழுதுறவ நீ. யோசிச்சா வந்துட்டுப் போகுது.

— எங்க வருது? பண்ணாத கூத்தெல்லாம் பண்ணியாச்சு. பார்க்குல சுத்திச் சுத்தி நடந்தேன். பஸ்ஸுல ஆளுங்க பேசுறதை ஒட்டுக் கேட்டேன். கனவு வந்தா எழுதிக்கலாம்னு பேனாவைத் தலைமாட்டுல வெச்சுப் படுத்தேன். கனவுல கரண்ட் ஆபீஸ் வரிசையில நிக்கிறேன்.

— வரிசை நகர்ந்துச்சா?

— சிரிக்காதீங்கப்பா. முதல் ரெண்டு புத்தகத்துல ஒண்ணுகூட என் சரக்கு இல்ல. நிழல் இல்லாத ராணி உங்களுது. கதவில்லாத வீடு உங்களுது. அம்மா போனப்புறம் நீங்க ஞாபகம் தப்பிப் பேசுறதை அப்படியே எடுத்து எழுதிட்டேன். பேட்டிக்கு வர்றவங்க இதெல்லாம் எப்படித் தோணுதுன்னு கேக்குறாங்க. கற்பனைதான்னு கூசாமச் சொல்றேன். பெத்த அப்பனோட வியாதியை வித்துத் தின்னுட்டிருக்கேன்.

— அப்படியெல்லாம் பேசாதே.

— இன்னும் கேளுங்க. இப்ப படியேறி வரும்போது என்ன வேண்டிக்கிட்டேன் தெரியுமா? இன்னிக்காவது அப்பா உளறணும்னு. நான்லாம் ஒரு பொண்ணா?

— போனை அணை பாப்பா.

— எதுக்கு?

— அணைன்னா அணை. ஒண்ணு சொல்லணும். சொல்லணும்னு நினைப்பு இருக்கிறப்பவே சொல்லிடறேன்.

— அணைச்சாச்சு, சொல்லுங்க.

— எனக்கு ஞாபகம் ஒண்ணும் தப்பல. நடிச்சேன்.

— விளையாடாதீங்கப்பா.

— உங்கம்மா போனதுக்கப்புறம் நீ வருவே. மாத்திரை டப்பாவைப் பார்ப்பே, ஃபிரிட்ஜைப் பார்ப்பே, போனைப் பார்ப்பே, கிளம்பிடுவே. என் மூஞ்சியைப் பார்த்ததே இல்ல. ஒரு நாள் அரைத் தூக்கத்துல, லிஃப்ட் தரைக்குக் கீழ போயிடுச்சுன்னு வாய்க்கு வந்ததைச் சொன்னேன். நீ மாட்டின செருப்பைக் கழட்டிட்டு வந்து பக்கத்துல உட்கார்ந்தே. அப்புறம் என்னாச்சுப்பான்னு கேட்டே. என்கிட்ட யாரும் ‘அப்புறம்’னு கேட்டு எவ்வளவு காலம் ஆச்சு. விட மனசு வரல.

— டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போனேனே?

— அவர் கேட்டதுக்கெல்லாம் கரெக்டா பதில் சொன்னேன். அதான் மனுஷன் ஒண்ணும் பிடிபடாம, வயசானா அப்படித்தான்னு அனுப்பிட்டார்.

— அப்ப அந்த ராணி?

— நான் வேலை பார்த்த கட்டடத்துல ஒரு பல் டாக்டர் சம்சாரம். லிஃப்டுக்குள்ள லைட்டை அணைச்சுட்டுத்தான் ஏறுவா. நிழல் எங்க விழும்? கதவில்லாத வீடுன்னது எங்க மெஷின் ரூம்தான். சாவியைத் தொலைச்சுட்டு ஜன்னல் வழியா இறங்குவோம்.

— உங்களை நினைச்சு எத்தனை நாள் அழுதிருக்கேன் தெரியுமா? பாவி மனுஷா. அப்ப உங்களுக்கு ஒண்ணுமே இல்லையா? நிஜமா ஒண்ணுமில்லையா?

— திட்டணும்னா நல்லாத் திட்டிடு.

— திட்டத்தான் போறேன். அப்ப இந்த மாசம் பூரா ஏன் ஒரு கதையும் சொல்லல?

— ஆரம்பிக்கிறேன் பாப்பா. பாதியில... களைப்பா இருக்கு. வயசாச்சுல்ல.

— சரி விடுங்க. கதை எல்லாம் உங்க மண்டையிலதானே இருக்கு? ரெண்டு பேரும் சேர்ந்து முடிப்போம். அட்டையைத் திரும்ப அடிக்கச் சொல்லி உங்க பேரையும் போடறேன். கடைசி அத்தியாயத்துல அப்பனைத் தேடி லிஃப்ட் வாசல்ல ஒரு பொண்ணு வந்து நிக்கிறா, அவ என்ன பண்ணணும்? அதான் தெரியல.

— கேட்டுக்கோ. நாங்க குழிக்குள்ள இறங்கினா மேல ஒருத்தன் நிப்பான். லிஃப்டை ஓட்டுற சுவிட்சைத் தொடறதுக்கு முன்னாடி ‘கீழ ஆள் இருக்கா’ன்னு கத்தணும். ‘இருக்கு’ன்னு நான் குரல் கொடுத்தா தொட மாட்டான். பதிலே வரலைன்னாலும் தொடக் கூடாது. இறங்கி வந்து பார்க்கணும். அதான் எங்க சட்டம்.

— அவளும் கத்தட்டும்ங்கிறீங்களா?

— கத்தட்டும். கீழேயிருந்து அப்பன் குரல் வந்தா கதை முடிஞ்சுது.

— வரலைன்னா?

— அதை நீ யோசி. எல்லாத்தையும் நானே சொன்னா நீ எதுக்கு?

— அப்பா, உடம்பே சிலிர்க்குது. இருங்க, டீ போட்டுட்டு வந்து உட்கார்றேன். இன்னிக்கே முடிச்சிடலாம்.

— சர்க்கரை கொஞ்சம் தூக்கலாப் போடு.

— அடுப்படியில இருந்து கத்துறேன், கேக்குதா பாருங்க. கீழ ஆள் இருக்கா?

— இருக்கு, இருக்கு.

— ராணிக்கு நிழலைத் திருப்பிக் கொடுத்துடலாமா?

— கொடுத்துடு, பாவம்.

— பால் பொங்கிடுச்சு, இதோ வந்துட்டேன். கீழ ஆள் இருக்கா?... அப்பா, கீழ ஆள் இருக்கா?... என்னப்பா, டீயே வந்துடுச்சு, பதிலைக் காணோம்?

— வாங்கம்மா, உட்காருங்க. என் பொண்ணைப் பார்க்க வந்தீங்களா? உள்ள டீ போட்டுட்டிருக்கா. எனக்கு இப்பல்லாம் நிஜமாவே ஒண்ணும் நினைவுல நிக்க மாட்டேங்குதும்மா. அவகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க, நான் நடிக்கிறேன்னே நினைச்சுக்கட்டும்.