கஸ்பர் செய்த ஆறாவது அறை

எனக்குப் பேய்ப் படங்கள் பிடிக்கும். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை, ஐயா. நான் மெல்லச் சொல்கிறேன். மொழிபெயர்க்க வந்த இந்தத் தங்கச்சி அவசரப்பட வேண்டாம்.

கஸ்பரும் நானும் மன்னார் ஆட்கள். இந்த நாட்டுக்கு வந்து, எண்பத்தேழிலிருந்து கோலியர்ஸ் வுட்டில் ஒரே அறையில் இருந்தோம். அவனுக்கு மின்சார வேலை, எனக்குக் கடைக் கதவு பொருத்தும் வேலை. ஞாயிறு பூசை முடிந்ததும் பக்கத்து டூட்டிங்கில் இரண்டு பேய்ப்படக் கசெட் வாடகைக்கு எடுத்து வருவோம். ஒக்டோபர் வந்தால் நகரத்தில் பயங்காட்டும் இடம் ஒன்றையும் விடமாட்டோம். கஸ்பர் முதலில் கத்துவான், பிறகு என் தோளில் விழுந்து சிரிப்பான். "ஊரில பட்டது காணாதோ, யாக்கோப்பு?" என்று எங்கள் பங்குக் கோயிலில் எமில்டா அக்கா கேட்பார். பட்டதனால்தான் என்பேன். படத்தை நிறுத்தலாம். பேய் வீட்டில் வெளியே போகும் கதவுக்கு மேல் பச்சை விளக்கு எரியும்.

எண்பத்தைந்தில் ஊரில் என்னை இராணுவ முகாமில் பன்னிரண்டு நாள் வைத்திருந்தார்கள். அடித்ததை அகதி மனு எழுதிய வழக்கறிஞருக்குச் சொன்னேன். தண்ணீர்த் தாங்கியைப் பற்றி அவருக்கும் சொல்லவில்லை. தண்ணீர் இல்லாத இரும்புத் தொட்டி, அதற்குள் நாள்கணக்கில் போட்டு மூடிவைத்தார்கள். முழங்காலைக் கட்டிக்கொண்டு குந்தியிருக்கத்தான் இடம் காணும். ஒரு சிப்பாய் இடையிடையே வந்து கரண்டியால் மூடியில் மூன்று தரம் தட்டி, "தம்பி, சாப்பாடு சரியா?" என்று கேட்பான். பதில் சொன்னாலும் சொல்லாவிட்டாலும் போய்விடுவான். சாப்பாடு வராது. இதைக் கஸ்பர் ஒருவனுக்குத்தான் சொன்னேன். ஒரு ஞாயிறு, படம் முடிந்து கசெட் பின்னோக்கிச் சுற்றிக்கொண்டிருந்தபோது. அவன் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான்.

தொண்ணூற்று மூன்றில், மூடிக்கிடந்த ஒரு கம்பளக் கடையை எடுத்து ஓர் ஆங்கிலேயர் ஹலோவீனுக்குப் பேய் வீடு போட்டார். ஆறு அறைகள். விளக்கும் ஒலியும் கஸ்பரின் பொறுப்பு. ஆறாவது அறையை அவன் தன் யோசனைப்படி செய்யலாம் என்றார். கஸ்பர் எனக்கு அதைக் காட்டவில்லை. "உனக்கு ஒரு சப்ரைஸ் இருக்கு மச்சான்" என்று மட்டும் சொன்னான்.

பள்ளி விடுமுறை வாரம், திங்கட்கிழமை மத்தியானம் திறந்தார்கள். நான் வரிசையில் நின்று போனேன். ஆறாவது அறையில் ஓர் இரும்புத் தாங்கி இருந்தது. உள்ளே இறங்கிக் குந்தினேன். மூடி விழுந்தது. ஒரு கரண்டி மூன்று தரம் தட்டியது. ஒலிபெருக்கியில் கஸ்பரின் குரல் தமிழிலேயே கேட்டது. "தம்பி, சாப்பாடு சரியா?"

ஒரு நிமிடத்தில் மூடி திறந்தது. கஸ்பர் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் அவ்வளவு சந்தோசம்.

"எப்பிடி மச்சான்? அப்பிடியே வந்திருக்கெல்லோ?"

"அது நான் உனக்குச் சொன்னது, கஸ்பர்."

"ஓம். ஆனா நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லையே. செய்துதானே காட்டினனான். உன்ரை பேர் ஒரு இடத்திலயும் இல்லை. சனம் இந்த அறைக்குத்தான் திரும்பத் திரும்ப வருது, பார்."

நான் கொஞ்சம் யோசித்தேன். "மூடி சரியாப் பொருந்தேல்லை. வெளிச்சம் வருது" என்றேன்.

"அப்ப நீயே செய்து தா. உன்ரை வேலைதானே."

புதன்கிழமை காலை செய்து கொடுத்தேன். மூடிக்கு வெளிப்பக்கம் நல்ல தாழ்ப்பாள், விளிம்பைச் சுற்றி றப்பர். தாங்கியின் பக்கத்தில் ஒரு துளை இருந்தது, அதையும் அடைத்தேன். கஸ்பர் உள்ளே தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "இப்பதான் சரியான இருட்டு" என்று என் முதுகில் தட்டினான். அன்று பின்னேரம் பஸ் நிறுத்தத்தில் இரண்டு வெள்ளைக்காரப் பிள்ளைகள் கண்ணாடியில் தட்டி, "தம்பி, தம்பி" என்று சொல்லிச் சிரித்தார்கள். அவர்களில் பிழையில்லை. அந்தச் சொல்லை அவர்களுக்குக் கொடுத்தவன் வேறு ஆள்.

ஹலோவீன் அந்த ஞாயிறுடன் முடிந்தது. அடுத்த நாள் சகல புனிதர் திருநாள். காலையில் இருவரும் பூசைக்குப் போய் நற்கருணை எடுத்தோம். பிறகு அறைகளைக் கழற்றப் போனோம். வேறு ஒருவரும் இல்லை. ஒலிபெருக்கியைக் கழற்ற அவன் தாங்கிக்குள் இறங்கினான். நான் மூடியைப் போட்டுத் தாழ்ப்பாளை இழுத்தேன். மணி ஒன்றரை.

முதலில் சிரித்தான். "டேய், பகிடி விடாதை." நான் கரண்டியை எடுத்து மூன்று தரம் தட்டினேன். சிரிப்பு நின்றது.

"யாக்கோப்பு, நான் செய்தது பிழை. மன்னிச்சுக்கொள். திற."

நான் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தேன். அவன் நெடுநேரம் உதைத்தான். தாயின் பெயரைச் சொன்னான். இரண்டரை இருக்கும், "மூச்செடுக்க ஏலாமக் கிடக்கு" என்றான்.

"முதல் நாள் அப்பிடித்தான் இருக்கும்" என்றேன்.

மூன்றரைக்குப் பிறகு சத்தம் இல்லை. ஐந்து மணிக்குத் திறந்தேன். பிறகு தெருவில் இருந்த தொலைபேசியில் பொலிசுக்கு அடித்து உங்களை அழைத்ததும் நான்தான்.

துளையைப் பற்றிக் கேட்கிறீர்கள். காற்றைப் பற்றி யாக்கோப்பு யோசிக்கவில்லை என்று எழுதினால் எனக்கு நல்லது என்று இங்கே பக்கத்தில் இருக்கும் வழக்கறிஞர் சொல்கிறார். யோசித்தேன், ஐயா. புதன்கிழமையே யோசித்தேன். கோபத்தில் செய்ததும் அல்ல. கோபம் என்றால் அரை மணித்தியாலத்தில் ஆறியிருக்கும், நானும் திறந்திருப்பேன்.

ஆனால் ஒன்றையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள். அவனைத் தனியே விட்டுவிட்டு நான் ஒரு தேநீர் குடிக்கக்கூட எழும்பிப் போகவில்லை. நண்பன் என்றால் அந்த நேரத்தில் கூட இருக்க வேண்டும்.