தம்பியின் பெயரில் வந்த மின்னஞ்சல்

நரைத்த தலையும் நரைக்காத சிந்தையுமாக இந்த அவையின் நடுவே வீற்றிருக்கும் நூலகத் தலைவர் அவர்களே! மேடைக்கு மெருகூட்டும் ஆன்றோரே! வேலை முடித்த களைப்போடும், அடுப்பை அணைத்தோமா என்ற நினைப்போடும் வந்து அமர்ந்திருக்கும் தாய்மாரே! கைப்பேசியைக் கையிலும் கவனத்தை என்மீதும் வைத்திருக்கும் இளையோரே! உங்கள் அனைவருக்கும் கணினிப் பழுது பார்க்கும் ஓர் எளியவனின் உளங்கனிந்த வணக்கம்.

பொய் மின்னஞ்சலைப் பற்றியும், கேளாமல் கணினிக்குள் குடியேறும் கெட்ட மென்பொருளைப் பற்றியும் பேசச் சொல்லியிருக்கிறார்கள். கடையில் என்றால் நாலு வரியில் முடித்திருப்பேன். நாலு வரிக்கு இவ்வளவு பெரிய ஒலிபெருக்கி எதற்கு என்று தலைவர் கோபித்துக்கொள்வார். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இனி நான் சொல்லப்போவதில் சிரிக்க இடமில்லை.

இப்படி ஏமாறுகிறவர் யார்? பேராசைக்காரர் என்கிறோம். படிக்காதவர் என்கிறோம். முன்வரிசையில் ஓர் ஐயா ஆமாம் என்று தலையசைக்கிறார். ஐயா, உங்களுக்காகவே இந்தக் கதையைச் சொல்கிறேன். நடந்ததைச் சொல், பெயரைச் சொல்லாதே என்று உரியவரிடம் அனுமதி வாங்கிவிட்டுத்தான் சொல்கிறேன்.

மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு சகோதரி. வருகிறவர்களை நாற்காலியில் உட்காரவைத்து, சுவரில் இருக்கும் எழுத்துகளை வாசிக்கச் சொல்லி, கண்ணுக்கேற்ற கண்ணாடி பொருத்துவது அவர் வேலை. அவருக்கு ஒரே ஒரு தம்பி. பெற்றோர் போனபின் அவர் தூக்கி வளர்த்த தம்பி. சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனான். ஒரு புயலில் கப்பல் மூழ்கியது. சிலர் உடலாக வந்தார்கள். சிலர் வரவே இல்லை. தம்பி வரவே இல்லை.

இறந்தவனுக்கு அழலாம். வராதவனுக்கு என்ன செய்வது? அழுதால் அவனைக் கொன்றதாகிவிடும். அழாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும். அந்தச் சகோதரி தம்பியின் படத்தை இணையத்தில் போட்டார். ‘கண்டவர்கள் இந்த அக்காவுக்கு எழுதுங்கள்’ என்று தன் மின்னஞ்சல் முகவரியையும் கொடுத்தார். வராதவர்களின் வீட்டாரோடெல்லாம் எழுதிப் பழகினார். ஒருவர் கண்ணீரை ஒருவர் துடைத்துக்கொண்ட அந்த முகவரிகள் எல்லாம் அவர் கணினியில் இருந்தன.

ஒரு நாள் காலை, கடைக்குக் கிளம்பும் வேளையில், தம்பியின் பெயரில் ஒரு மின்னஞ்சல். ‘அன்புள்ள அக்கா, நான் உயிரோடு இருக்கிறேன். யாரிடமும் சொல்லாதே. என் குரலைப் பதிந்து அனுப்பியிருக்கிறேன். உடனே திறந்து கேள்.’

அவையோரே, அவன் பிறந்த நாள் முதல் அக்கா என்று கூப்பிட்டதே இல்லை. அவர் போட்டிருந்த கனத்த கண்ணாடிக்காக ‘சோடாபுட்டி’ என்றுதான் கூப்பிடுவான். கடிதத்திலும் சோடாபுட்டிதான், கப்பலிலிருந்து பேசும்போதும் சோடாபுட்டிதான். அது அவரை உறுத்தியது. அனுப்பியவர் முகவரியில் தம்பியின் பெயருக்குள் ஓர் எழுத்து கூடுதலாக இருந்தது. ஊருக்கெல்லாம் எழுத்து வாசிக்கச் சொல்லும் அந்தக் கண்ணுக்கு அந்த ஓர் எழுத்து தெரியவில்லை. கண் குறையாலா? இல்லை. கண்ணீரால்.

மின்னஞ்சலோடு வந்த கோப்பைத் திறந்தார். குரல் கேட்க ஒரு புதிய மென்பொருள் வேண்டும் என்றது. கணினி தடுத்தது, இதை நம்ப வேண்டாம் என்று எச்சரித்தது. அவர் ‘சரி’ என்பதை அழுத்தினார். ஆசையா அழுத்தியது? அறியாமையா அழுத்தியது? அன்பு அழுத்தியது ஐயா, அன்பு!

குரல் வரவில்லை. மாலைவரை திரும்பத் திரும்ப அழுத்தினார். வரவில்லை. மறுநாள் கணினியைப் போர்வையில் சுற்றிக் குழந்தையைப் போல் தூக்கிக்கொண்டு என் கடைக்கு வந்தார். ஒலிபெருக்கி கெட்டுவிட்டதா என்று பார்க்கச் சொன்னார்.

பார்த்தேன். முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்தேன். உள்ளே நுழைந்த மென்பொருள் அவருடைய கடவுச்சொல்லைத் திருடியிருந்தது. அவர் பெயரிலேயே, அவர் முகவரியிலிருந்தே, கப்பல்காரர் வீடுகளுக்கெல்லாம் எழுதியிருந்தது: ‘என் தம்பி கிடைத்துவிட்டான். உங்கள் வீட்டு ஆளும் உயிரோடு இருக்கிறார். குரலைக் கேளுங்கள்.’

அவர் என்னைக் கேட்டது ஒன்றே ஒன்று.

“அப்போ உள்ளே குரலே இல்லையா?”

“இல்லைங்க” என்றேன்.

வேறொரு கணினியில் அவருடைய கடவுச்சொல்லை மாற்றிக் கொடுத்தேன். இனி நீங்கள் எழுதினால் நம்பமாட்டார்கள், பேசித்தான் ஆக வேண்டும் என்றேன். என் கடையிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு வீட்டையும் தொலைபேசியில் அழைத்தார். சிலர் ஏற்கெனவே திறந்துவிட்டிருந்தார்கள். கப்பலில் எந்திரம் பார்த்தவரின் தகப்பனார், ‘நீயும் ஒரு பெண்ணா’ என்று கேட்டுவிட்டு வைத்தவர்தான், இன்றுவரை பேசவில்லை.

கப்பலின் சமையற்காரர் மனைவியிடம் கடைசியாகப் பேசினார். பல மாதம் போராடி, கணவரின் துணிகளை அப்போதுதான் பெட்டியில் கட்டி வைத்திருந்தவர் அந்த அம்மையார். விஷயத்தைக் கேட்டதும் அவர் சொன்னது இதுதான்:

“சட்டையெல்லாம் எடுத்து, துவைச்சு, இஸ்திரி போட்டு மாட்டி வெச்சிட்டேனே, அக்கா.”

நம் சகோதரி நிதானமாகச் சொன்னார்:

“திட்டணும்னா என்னைத் திட்டு. ஆனா அந்தக் கோப்பைத் திறந்துடாதே. திறந்தா உன் பேர்லயும் எல்லாருக்கும் போகும்.”

அந்த அம்மையார் திறந்திருக்கவில்லை. மகள் வேலையிலிருந்து வரட்டும், அப்பா குரலைச் சேர்ந்து கேட்கலாம் என்று காத்திருந்தார். ஒரு தொலைபேசி அழைப்பு அந்த வீட்டுக் கணினியைக் காப்பாற்றியது. ஆனால் மாட்டிவைத்த சட்டைகளை அவர் மறுபடியும் மடிக்க வேண்டியிருந்ததே! அதை எந்த மென்பொருள் சரிசெய்யும்?

கைதட்ட வேண்டாம். தயவுசெய்து வேண்டாம்.

கணினியைத் துடைத்துச் சுத்தமாக்கித் திருப்பிக் கொடுத்தேன். ஆகவே அன்பானவர்களே, ‘உடனே’ என்று அவசரப்படுத்துகிறதா? நில்லுங்கள். ‘யாரிடமும் சொல்லாதே’ என்கிறதா? அப்போதுதான் சொல்லுங்கள், பக்கத்து வீட்டிலாவது சொல்லுங்கள். முகவரியை எழுத்தெழுத்தாய் வாசியுங்கள். கணினி வேண்டாம் என்று தடுத்தால் அதன் பேச்சைக் கேளுங்கள். தவறிப்போய்த் திறந்துவிட்டீர்களா? வெட்கப்பட்டு ஒளிக்காதீர்கள், உங்கள் வெட்கம்தான் திருடனுக்கு விளக்குப் பிடிக்கிறது! எல்லாரையும் எழுப்புங்கள், எல்லாருக்கும் சொல்லுங்கள்! ஏமாந்தவரைப் பார்த்து எவராவது சிரித்தால், அந்தச் சிரிப்பை இந்த அவை பொறுக்கக் கூடாது!

கடையை விட்டுக் கிளம்பும்போது அந்தச் சகோதரியிடம் நான் ஒன்று சொன்னேன். இனி இப்படி வந்தால் திறக்காமலே அழித்துவிடுங்கள் என்றேன். தலையாட்டினார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

“அழிச்சிடறேன். ஆனா அன்னைக்குக் காலையில, அந்த ஒரு நிமிஷம், என் தம்பி உயிரோட இருந்தான்.”

அந்த ஒரு நிமிடத்தைத்தான் ஐயா, திருடர்கள் விலைக்கு விற்கிறார்கள்.

பேச அழைத்த நூலகத்தாருக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், தன் துயரத்தை உங்களுக்காகக் கொடுத்துதவிய அந்தச் சகோதரிக்கும் என் நன்றி. அவர் இங்கே வரவில்லை. அவர் இருக்கும் இடம் நோக்கியும் சேர்த்தே கைகூப்புகிறேன். வணக்கம்.