தண்ணீரை முந்திய கட்டளை

விழாவுக்குத் தலைமையேற்று, தேக்குமரம்போல் நிமிர்ந்து வீற்றிருக்கும் பெரியவர் சென்னியப்பன் அவர்களே! இந்த மலையின் எடப்புளி நாட்டிலிருந்தும் தேவனூர் நாட்டிலிருந்தும் மேடேறி, பள்ளமிறங்கி, மழைச்சேறு மிதித்து வந்து அமர்ந்திருக்கும் பெரியோர்களே! மடியில் பிள்ளையும் மனத்தில் பொறுமையுமாய் முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! ஒலிபெருக்கி கட்டிய தம்பிமார்களே! உங்கள் அனைவரின் பாதம் பட்ட இந்தச் செம்மேட்டு மண்ணுக்கும் சேர்த்தே என் வணக்கம்!

நான் தரணிதரன். ராசிபுரத்தில் வழக்கறிஞர். மேடை கிடைத்தால் இறங்காதவன் என்று என்னைப் பற்றி ஒரு புகார் உண்டு.

என்னங்க? "சுருக்கமாப் பேசுங்க, கடைசி பஸ் போயிரும்" என்கிறாரா அந்த அண்ணன்? கவலை வேண்டாம் அண்ணா, டிரைவரே மூன்றாவது வரிசையில்தான் உட்கார்ந்திருக்கிறார்!

இன்று நாம் பாராட்ட வந்திருப்பது ஒரு பெண்ணை. அதோ, மேடை ஓரத்தில் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறாரே, கம்ப்யூட்டர் பொறியாளர் நாகலட்சுமி, அவரை. என்ன செய்தார் இவர்? ஒரு ஃபங்ஷனை அனுப்பினார்! சிரிக்கிறீர்கள். நானும் சிரித்தேன். நமக்கு ஃபங்ஷன் என்றால் காதுகுத்து, சீர், பந்தி, பாயசம். கம்ப்யூட்டர்காரர்களுக்கு ஃபங்ஷன் என்றால் ஒரே ஒரு வேலையைச் செய்யச் சொல்லும் சின்னக் கட்டளைத் தொகுப்பு. அந்தச் சின்னஞ்சிறு கட்டளைதான் என் மகளை எனக்குத் திருப்பித் தந்தது!

இரண்டாயிரத்து நான்கு, ஆடிப் பதினெட்டு. நெல்லிமடை அருவியில் குளிக்கக் கூட்டம் அலைமோதியது. நானும் என் மனைவி சத்யாவும் மகள் சண்முகப்பிரியாவும் அந்தக் கூட்டத்தில் இருந்தோம். தலைக்கு மேலே வெயில். தடாகத்தில் தெளிந்த தண்ணீர். கரையில் மயிலம்மாள் கொய்யாக்கூடையோடு உட்கார்ந்து, "வாங்க சாமி, மலைக் கொய்யாங்க" என்று கூவிக்கொண்டிருந்தார். இதில் எதற்கு அஞ்சுவது? யார் அஞ்சுவார்?

ஆனால் மலைத்தலையில் கருக்கல் கட்டி, அடைமழை கொட்டிக்கொண்டிருந்தது. நமக்குத் தெரியவில்லை.

அதைத் தெரிந்து சொல்ல வேண்டிய ஒன்று அங்கே இருந்தது. அருவிக்கு மேலே ஓடையில் தண்ணீரின் உயரத்தை அளக்கும் கருவிகள் இரண்டு. உச்சியில் ஒன்று, நடுவழியில் ஒன்று. ஆளில்லாத அருவிக்கரைக் கொட்டகையில் சின்னக் கம்ப்யூட்டர் ஒன்று. அதன் கூரைமேல் அபாயச் சங்கு. இரண்டு கருவிகளும் வெள்ளம் என்றால்தான் சங்கு ஊதும். ஏன் இரண்டும்? முந்தைய வருடம் ஓர் எருமை உச்சிக் கருவியை முட்டித் தள்ளியதில் சங்கு வீணாக ஊதியது. ஜனம் அலறி ஓடியது, பிறகு வயிறு குலுங்கச் சிரித்தது. அதனால்தான் ஒன்றை மட்டும் நம்பாதே என்று எழுதிவைத்தார்கள். நியாயம்தானே?

அன்று காற்றில் ஒரு மரம் முறிந்து நடுக்கருவியின் மேல் விழுந்தது. அது ஊமையானது. உச்சிக் கருவி வெள்ளம், வெள்ளம் என்று கதறியது. கொட்டகைக் கம்ப்யூட்டரோ நடுக்கருவியின் சொல்லுக்காகக் காத்திருந்தது. சொன்ன சொல் தவறாமல் காத்திருந்தது!

இந்தக் கருவிகளைக் கண்காணிக்கும் ராசிபுரம் ஆபீசில், திரைமுன் தனியாக இருந்த நாகலட்சுமி இதைப் பார்த்தார். செம்மேட்டில் இருந்து கருவிகளைக் காவல்காக்கும் மாதனுக்குப் போன் போட்டார். அந்தப் பேச்சை இருவரும் எனக்குச் சொன்னபடியே சொல்கிறேன்.

"மாதண்ணா, மேல தண்ணி கிடுகிடுன்னு ஏறுதுங்க. நடுக்கருவி பேசவே மாட்டேங்குது. அருவிக்கு ஓடிப் போயிச் சொல்ல முடியுங்களா?"

"ரோட்டுல மரம் சாஞ்சு கெடக்குது கண்ணு. நான் காட்டு வழியா எறங்கறதுக்குள்ள தண்ணி எறங்கிருமே!"

"அங்கிருந்தே சங்கை ஊத வைக்க வேண்டியதுதானே" என்று இங்கே ஒரு தம்பி கேட்கிறார். நல்ல கேள்வி! நானும் கேட்டேன். யாரும் விளையாட்டாக ஊதிவிடக் கூடாதென்று, தூரத்திலிருந்து ஊதச் சொல்லும் வழியையே அந்தப் புரோகிராமில் வைக்கவில்லையாம். சரி, புரோகிராமையே மாற்றி அனுப்பினால்? அந்த நூலிழை டெலிபோன் லைனில் அது ஏறி முடிய அரைநாள் ஆகும்.

"இன்னொரு வழி இருக்குதுங்கண்ணா" என்றார் நாகலட்சுமி. "முழுசா மாத்தாம, வெள்ளம் வருதான்னு முடிவு பண்ற அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் புதுசா எழுதி அனுப்பலாம். அங்க ஓடிட்டிருக்கிற புரோகிராம் நிக்காமலே அதை வாங்கிக்கும். ஆனா ஆபீஸ் மேசைமேலதான் இதைச் சோதிச்சிருக்கோம். தப்பாப் போச்சுன்னா அந்தக் கம்ப்யூட்டரே நின்னுரும். அப்புறம் நடுக்கருவி உசுரு வந்து பேசினாலும் சங்கு ஊதாதுங்க."

மாதன் சொன்னார்: "என் தங்கச்சி மயிலம்மா அங்கதான் கொய்யா விக்குது. நீ அனுப்பு சாமி."

அனுப்பு சாமி! எத்தனை மேடை ஏறியிருக்கிறேன், எத்தனை வழக்கு பேசியிருக்கிறேன். இந்த இரண்டு சொல்லுக்கு நிகராக நான் ஒரு சொல்லும் பேசியதில்லை!

நாகலட்சுமி எழுதினார். நடுக்கருவி பேசாவிட்டால் உச்சிக் கருவியை மட்டும் நம்பு, ஊது என்று எழுதினார். எழுதியதை அக்கணமே ஆபீஸ் கம்ப்யூட்டர் தன் மொழிக்கு மாற்றிக்கொண்டது. அளவைப் படிக்கும் வேலை கொட்டகைக் கம்ப்யூட்டரில் ஏற்கெனவே இருக்கிறது, சங்கு ஊதும் வேலையும் இருக்கிறது. அவற்றை எதற்குத் திரும்பச் சுமப்பது? பெயரை மட்டும் சொன்னால் போதும், அங்கே உள்ளதை அங்கேயே எடுத்துக்கொள்ளும். புதியது எதுவோ அது மட்டுமே பயணப்பட்டது. நான் தொடக்கத்தில் அடுக்கினேனே வணக்கங்கள், அவற்றைவிடச் சிறியது! பாதி வழியில் இணைப்பு அறுந்தது. பெரிய மூட்டையாயிருந்தால் அத்தோடு கதை முடிந்திருக்கும். சின்னது என்பதால் மறுபடி இணைத்து, மறுபடி அனுப்பினார். மலையேறியது! கொட்டகைக் கம்ப்யூட்டர் அதை வாங்கியது, ஓட்டத்தை நிறுத்தாமலே பழையதை விட்டுப் புதியதைப் பற்றியது!

சங்கு அலறியது.

ஓடினோமா? இல்லை! "எருமை மறுபடி முட்டிருச்சுடோய்!" என்று ஒருவர் கத்த, தடாகமே சிரித்தது. அப்போது எழுந்தார் மயிலம்மாள். கொய்யாக்கூடையைக் காலால் எட்டித் தள்ளிவிட்டு, இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கினார்.

"ஏனுங்க, சிரிக்கிறீங்க? பிள்ளைங்களத் தூக்குங்க! எந்திரிங்க சாமி, எந்திரிங்க!"

கையில் கிடைத்த குழந்தையைத் தூக்கிக் கரையில் போட்டார். அது என் பிரியா. அந்தக் குரலில் கூட்டம் விழித்தது. சத்யா ஒரு கிழவரின் கையைப் பிடித்து இழுத்தாள். நான் யாரையோ தூக்கினேன், யாரோ என்னைத் தூக்கினார்கள். கடைசி ஆள் பாறையேறியதும் அருவி நிறம் மாறியது. செம்மண் குழம்பாய், வேரும் மரமும் கல்லுமாய், பேரிரைச்சலோடு விழுந்தது வெள்ளம். நாங்கள் நின்றிருந்த தடாகம் இருந்த இடமே தெரியவில்லை.

கைகூப்பி நின்றோம். அருவியைக் கும்பிட்டோமா, சங்கைக் கும்பிட்டோமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மலையடிவாரத்துக்கு அப்பால், முகம் தெரியாத ஒருத்தி நினைத்த நினைப்பு, கம்பி வழியே ஏறிவந்து, எங்கள் தலைமேல் குரலாக நின்றதே! இதைவிட வியப்பு ஏது? இதைவிட வணக்கத்துக்குரியது ஏது?

ஆனால் அன்பர்களே, அந்தப் பெண்ணுக்கு இது எதுவும் தெரியாது! வெள்ளம் கொட்டகைக்குப் போகும் லைனையே அறுத்துவிட்டது. அனுப்பியது போய்ச் சேர்ந்ததா? ஊதியதா? நின்றுபோனதா? இருண்ட திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. பொழுது சாயும்போது போன் அடித்தது. எடுத்தார்.

"மாதன் பேசறேன் சாமி. அல்லாரும் ஊடு சேந்துட்டாங்க."

நாகலட்சுமி மேசைமேல் தலை கவிழ்ந்து, வாய்விட்டு அழுதார்.

மாதனே, மயிலம்மாளே, மேலே வாருங்கள்! நாகலட்சுமி அம்மா, தலை நிமிருங்கள்! இந்தக் கூட்டத்தில் அன்று அருவியில் நின்றவர்கள் எழுந்து நில்லுங்கள்! பாருங்கள் அம்மா, உங்கள் கண்ணாலேயே பாருங்கள். அன்று அந்தத் திரையில் உங்களுக்குக் கிடைக்காத பதில் இதோ, உயிரோடு எழுந்து நிற்கிறது!

பேச இடம் தந்த தலைவருக்கும், பொறுத்துக் கேட்ட உங்களுக்கும் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லாரும் பத்திரமாய் ஊர் போய்ச் சேருங்கள். வணக்கம்!