ஒரு பிடி பஞ்சு

சுவரைக் கீழிருந்து மேலாகத்தான் கழுவ வேண்டும் சார். மேலிருந்து ஆரம்பித்தால் வழிகிற கறை கோடு கோடாகப் பதிந்துவிடும். எங்கள் அப்பா காலமெல்லாம் சிகரெட் ஊதித் தள்ளிய வீடு அது. அவர் போய்ச் சேர்ந்தார், புகை போகவில்லை. சோடா உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துத் தேய்த்தால் சுவரிலிருந்து டீத்தண்ணி மாதிரி வழிந்தது.

என் மனைவிக்கு எந்த நெடியும் ஆகாது. சோப்பு, பெயிண்ட், செண்ட், எது பட்டாலும் மூச்சு முட்டுகிறது என்பாள். டாக்டர் நம்பினார். அவருக்கென்ன, கூடக் குடித்தனம் பண்ணுகிறவன் நானல்லவா?

அவளை அவள் தங்கை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கம்பளம், திரைச்சீலை எல்லாவற்றையும் தூக்கி எறிந்தேன். மின்விசிறி இறக்கை, சுவிட்சு இடுக்கு எதையும் விடவில்லை. நெடியில்லாத பெயிண்டுக்கு நாயாக அலைந்தேன். உள்ளங்கை உரிந்துபோயிற்று. ஒருத்தியின் பேச்சை நம்பி இவ்வளவு பாடுபட்டவன், அந்தப் பேச்சு நிஜமா என்று பார்க்க ஆசைப்படுவது தப்பா?

அதனால் அப்பாவின் மெத்தையை மட்டும் எறியவில்லை. அதிலிருந்து ஒரு பிடி பஞ்சை எடுத்து அவள் தலையணைக்குள் வைத்துத் தைத்தேன். விஷமா வைத்தேன், வெறும் பஞ்சு.

வந்தாள். மறுநாள் காலை கண் சிவந்திருந்தது. எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நல்லாத்தாங்க இருக்கு. நீங்க பட்ட பாடு வீண் போகல."

அப்படியானால் இத்தனை காலமும் என்னிடம் நாடகம் ஆடியிருக்கிறாள். இன்னும் கொஞ்சம் பஞ்சு வைத்தேன். இருமினாள். கேட்டால் சளி என்றாள். பாதித் தலையணையை மாற்றினேன். ஜன்னலோரமே கதியாக உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே பிரித்துப் போட்டிருப்பேன், நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரன் இல்லை. கடைசியில் முழுத் தலையணையும் அப்பாவின் பஞ்சாகிவிட்டது. அதில் தலைவைத்தபடிதான் ஒருநாள் காலையில் பிணமாகக் கிடந்தாள்.

அவள் தங்கை வந்து அழுதாள்.

"தினமும் போன்ல மூச்சே விட முடியலன்னுதான் சொன்னா அத்தான். 'கையெல்லாம் உரிய உரியக் கழுவியிருக்கார், தெரிஞ்சா மனசு ஒடிஞ்சிடுவார், மூச்சு காட்டாதே'ன்னு அக்கா என்கிட்ட சத்தியம் வாங்கிட்டா."

ஆமாம் சார், பஞ்சை வைத்தது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அவள் என்னிடம் பொய் சொல்கிறாள் என்று நான் சந்தேகப்பட்டது சரியாகத்தானே போயிற்று? அதையும் சேர்த்து எழுதுங்கள்.