விட்ட இடத்திலிருந்து

எனக்கு டிவி பார்க்கும் பழக்கம் அவ்வளவாக இல்லை. கடையை மூடிவிட்டு வந்தால் சாப்பிடும்போது கொஞ்சம் செய்தி பார்ப்பேன், அவ்வளவுதான். ஆகவே கேபிளைத் துண்டித்தது எனக்காக அல்ல என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மழை பெய்தால் படம் நின்றுவிடும், கேபிள்காரர் போனை எடுக்க மாட்டார். எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வீடாக இணையத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. நாங்களும் மாறினோம். அதுவரை நான் எந்தத் தப்பும் செய்யவில்லை.

வீட்டில் மூன்று பேர். நான் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். மனைவி வங்கியில் வேலை பார்க்கிறாள், அவள் வர பொழுது சாய்ந்துவிடும். மூன்றாவது, அவளுடைய அம்மா. மாமனார் இறந்தபிறகு அத்தை எங்களோடு வந்துவிட்டார். அந்தக் காலத்தில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்தவர். ஒருமுறை காதில் விழுந்தால் போதும், எண்ணோ பேரோ பேச்சோ அப்படியே நின்றுவிடும். யார் எப்போது வந்தார்கள், என்ன சட்டை போட்டிருந்தார்கள், போகும்போது என்ன சொன்னார்கள் என்பது வரைக்கும் சொல்வார்.

இப்படி ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் இருந்து பார்த்தால்தான் தெரியும். மனிதன் பேசும்போது கொஞ்சம் முன்னே பின்னே இழுத்துச் சொல்வது இயல்புதானே. ஒருநாள் உறவினர்கள் வந்திருந்தார்கள். தனி ஆளாக, ஒருத்தர் உதவியும் இல்லாமல் இந்தக் கடையை எப்படி நிமிர்த்தினேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தை தேநீரை நீட்டியபடியே சொன்னார்.

"முதல் வருஷம் உங்க அண்ணன் கூட இருந்தாரே மாப்பிள்ளை. காலையில கடை திறக்கிறதே அவருதானே. மறந்துட்டீங்களா?"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவர் குத்திக்காட்டவில்லை, அது எனக்கும் தெரியும். உண்மையிலேயே நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துத்தான் எடுத்துக்கொடுத்தார். அதுதான் இன்னும் மோசமாக இருந்தது. வாரத்துக்கு ஒருமுறையாவது என் மூக்கு இப்படி உடையும். என் மனைவி அதைப் பெருமையாக எல்லாரிடமும் சொல்வாள், அம்மா இருக்கும்போது இவர் கதை விட முடியாது என்று.

கேபிள் இருந்த காலத்தில் அத்தைக்கு ஒரு தொடர் உண்டு. சாயங்காலம் அது தொடங்கிவிட்டால் கூடத்தில் யாரும் குறுக்கே நடக்கக்கூடாது. பக்கத்து வீட்டு அக்காவும் அதே நேரத்தில் அதையேதான் பார்ப்பார். மறுநாள் காலை துணி காயப்போடும்போது இரண்டு பேரும் பால்கனிச் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று அந்தத் தொடரில் வரும் மாமியாரைத் திட்டுவார்கள். நான் கிண்டல் செய்வேன். அழுகாச்சி நாடகம், இதைப் பார்க்கிற நேரத்தில் நாலு மாத்திரை அட்டையாவது அடுக்கித் தரலாமே என்பேன். அத்தை சிரித்துக்கொண்டே ஒலியைக் கூட்டுவார்.

இணையம் வந்ததும் அவர் திணறிப்போவார் என்று நினைத்தேன். இரண்டே நாளில் பழகிக்கொண்டார். தனக்கென்று ஒரு பக்கம், அதில் தன் படம், விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி. பழைய தொடர் ஒன்றைத் தேடிப்பிடித்து முதல் பாகத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தார். பக்கத்து வீட்டு அக்கா வேறு எதையோ பார்த்தார். இரண்டு பேரும் துணி காயப்போடும்போது பேசிக்கொள்ள வீட்டு விஷயம் மட்டும்தான் மிஞ்சியது. அத்தை நேற்று என்ன பார்த்தார் என்பது அத்தைக்கு மட்டுமே தெரியும். அதாவது, அத்தைக்கும், அந்த இணையக் கணக்கை என் பேரில் வைத்திருக்கும் எனக்கும்.

முதல் தடவை நடந்தது தற்செயல். இதை நீங்கள் நம்ப வேண்டும். மத்தியானம் கடையில் ஆள் வராத நேரம், அப்படி என்னதான் இருக்கிறது அந்தத் தொடரில் என்று போனில் அத்தையின் பக்கத்தைத் திறந்தேன். பத்து நிமிடம் பார்க்கலாம் என்று ஆரம்பித்தவன் மூன்று பாகம் பார்த்துவிட்டேன். அந்த மருமகள் என்ன ஆனாள் என்று எனக்கே தவிப்பாகிவிட்டது. சாயங்காலம் அத்தை டிவியைப் போட்டார். நான் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது.

"இது என்ன, நேத்து நான் இவ்வளவு தூரம் வரலையே," என்றார்.

நான்தான் பார்த்தேன் என்று சொல்லியிருந்தால் அன்றைக்கு ஒரு நல்ல சிரிப்போடு முடிந்திருக்கும். இத்தனை நாள் கிண்டலடித்துவிட்டு, கடையில் உட்கார்ந்து அழுகாச்சி நாடகம் பார்த்தேன் என்று ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது. அதனால் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னேன். "நேத்து நீங்கதானே அத்தை பாத்துக்கிட்டு இருந்தீங்க. நான் வந்தப்பகூட ஓடிட்டு இருந்துச்சே."

அவர் என்னைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். "அப்படியா?" என்று மட்டும் கேட்டார். அந்த வீட்டில் அவர் பதில் இல்லாமல் நின்றதை நான் முதன்முதலாகப் பார்த்தேன். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது. அதைச் சொல்லத்தான் கூசுகிறது, ஆனாலும் சொல்கிறேன்.

அடுத்த தடவை தற்செயல் இல்லை. செய்வதும் பெரிய வித்தை இல்லை. அவர் பார்த்து முடித்த பாகத்தையோ அதற்கு அடுத்ததையோ போனில் ஓடவிட்டு, ஒலியை அடைத்து, கல்லாவுக்குப் பக்கத்தில் வைத்துவிடுவேன். வாடிக்கையாளருக்கு இருமல் மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டே இருப்பேன், அது பாட்டுக்கு ஓடும். வேண்டிய இடத்தில் நிறுத்தினால் வீட்டு டிவியிலும் அதே இடம்தான். சில நாள் பின்னால் தள்ளுவேன், சில நாள் முன்னால். தினமும் செய்யவில்லை. தினமும் செய்திருந்தால் பெட்டியில் கோளாறு என்று கண்டுபிடித்திருப்பார்.

அவர் லேசில் விட்டுக்கொடுக்கவில்லை. பார்த்து முடித்ததும் கடைசிக் காட்சியை என்னிடம் சொல்லிவைப்பார். "அவ பெட்டியைத் தூக்கிட்டு வாசல்ல நிக்கிறா மாப்பிள்ளை, இதோட நிறுத்தியிருக்கேன், ஞாபகம் வச்சுக்கங்க." மறுநாள் டிவியில் அவள் ஊர்போய்ச் சேர்ந்திருப்பாள். அத்தை என் பக்கம் திரும்புவார். நான் யோசிப்பது மாதிரி கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, "ஊருக்குப் போய்ச் சேர்ந்துட்டான்னுதானே சொன்னீங்க," என்பேன். நாக்கு கூசாமல் சொன்னேன். சாட்சிக்கு வேறு ஆள் தேடாமல் என்னையே தேர்ந்தெடுத்திருந்தார், பாவம்.

அடுப்பை நான் தொடவில்லை. இதையும் சொல்லிவிட வேண்டும். அடுப்பை அணைத்தோமா என்று திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க ஆரம்பித்தது அவராகவே. அணைத்துத்தான் இருக்கும். கதவைப் பூட்டிவிட்டுப் பாதிப் படியிலிருந்து திரும்பி வந்து இழுத்துப் பார்ப்பார். பால்கனியில் பக்கத்து வீட்டு அக்கா ஏதாவது பழைய விஷயம் கேட்டால், "எனக்கு இப்பல்லாம் சரியா நினைவில்ல, விடு," என்று உள்ளே வந்துவிடுவார். சரியாகத்தான் நினைவிருந்தது. சொன்னால் தப்பாகப் போய்விடுமோ என்ற பயம்தான்.

மனைவி கண்ணில் முதலில் பட்டது இந்த அடுப்புப் பழக்கம்தான். மருத்துவரிடம் கூட்டிப்போனோம். அவர் கேட்ட கேள்விகள் எளிதானவை. அத்தைக்கு எல்லாம் தெரியும், ஆனால் ஒவ்வொரு பதிலையும் சொல்வதற்கு முன்னால், சரியா என்பதுபோல என் முகத்தைப் பார்த்தார். மருத்துவர் அதையும் குறித்துக்கொண்டார். வீட்டில் எப்படி என்று என்னைக் கேட்டார். டிவி விஷயத்தைச் சொன்னேன். பார்த்ததையே பார்க்கிறார், பார்த்தது மறந்துபோகிறது என்று. ஒரு மருந்துக்கடைக்காரன் நிதானமாகச் சொல்வதை மருத்துவர்கள் மதிப்பார்கள்.

மறதிக்கென்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். என் கடை அலமாரியிலிருந்து நான்தான் எடுத்தேன். தேவையில்லாத உடம்பில் அது வயிற்றைப் புரட்டும், தலை சுற்றும் என்று எனக்குத் தெரியும். உறையில் காலை, இரவு என்று என் கையெழுத்திலேயே எழுதினேன். அத்தைக்குச் சாப்பாடு இறங்காமல் போயிற்று. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தார். விழுந்துவிடுவாரோ என்று பயந்து வீட்டுச் சாவியை வாங்கி வைத்துக்கொண்டாள் மனைவி. வெளியே போவது அதோடு நின்றது.

அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ சுலபமாக இருந்திருக்கும். சொந்தக்காரர்கள் போன் செய்தால், "மாப்பிள்ளை மட்டும் இல்லைன்னா நான் என்ன ஆகியிருப்பேன்னே தெரியல," என்பார். டிவி முன்னால் உட்கார்ந்தால் ரிமோட்டை என்னிடம் நீட்டுவார். "நான் இதைப் பாத்துட்டேனா மாப்பிள்ளை?" என்பார். நான் சொல்வதுதான் அவருடைய நேற்று. எனக்கு அது பிடித்திருந்தது. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை.

மறுபடி உறவினர்கள் வந்த ஒருநாள், கடை தொடங்கிய கதையை எடுத்தேன். தனி ஆளாக, ஒருத்தர் உதவியும் இல்லாமல் என்று சொல்லிவிட்டு வேண்டுமென்றே நிறுத்தினேன். அத்தை நிமிர்ந்தார். வாய் திறந்தது. என்னைப் பார்த்தார், பிறகு குனிந்து புடவை முந்தானையை நீவிக்கொண்டார். நான் கதையைத் தொடர்ந்தேன். அன்றைக்குத்தான் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. சாப்பிட்ட கையைக் கழுவப் போனவன் குழாயைத் திறந்துவிட்டு வெகுநேரம் அங்கேயே நின்றேன்.

அதோடு நிறுத்திவிட்டேன். போனில் அந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை. டிவி அவர் விட்ட இடத்திலிருந்தே ஒழுங்காகத் தொடர்ந்தது. ஆனால் அதையும் அவர் நம்பவில்லை. நின்ற இடம் சரியாக இருந்தாலும், "இது இல்லையே, இதுக்கு முன்னாடியே நிறுத்திட்டேனோ?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கெடுத்தது டிவியை மட்டும் என்று அதுவரை நினைத்திருந்தேன்.

நினைவு மங்கியவர்களைப் பார்த்துக்கொள்ளும் இல்லம் ஒன்றை மனைவி விசாரித்து வந்தாள். சொல்லிவிட்டு அழுதாள். வேலையையும் விட முடியாது, அம்மாவைத் தனியாகவும் விட முடியாது என்றாள். அப்போதுதான் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன். மனைவியிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. பாதிக்கப்பட்டவரிடம் சொல்வதுதானே முறை என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மத்தியானம் கடையை அங்கே வேலை பார்க்கும் பையனிடம் விட்டுவிட்டு வந்து, டிவியை அணைத்து, அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஒன்றையும் மறைக்கவில்லை. போன், கல்லா, மாத்திரை எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கோபப்படுவார், அறைந்தாலும் அறைவார் என்று எதிர்பார்த்தேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா மாப்பிள்ளை?" என்றார். "நான் நல்லாத்தான் இருக்கேனா?"

ஆமாம் என்றேன். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. எழுந்துபோய் முகம் கழுவி, தலை வாரி, மகள் வரும்வரை வாசல் பக்கம் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நெடுநாளைக்குப் பிறகு நேராக உட்கார்ந்திருந்தார்.

மனைவி செருப்பைக் கழற்றும்போதே அத்தை ஆரம்பித்துவிட்டார். "எனக்கு வியாதியே இல்லடி. உன் வீட்டுக்காரர்தான் போன்ல இருந்து படத்தை முன்னாடி பின்னாடி தள்ளிட்டு இருந்தாராம். அவரே சொன்னாரு." வார்த்தைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. மனைவியின் முகம் வெளுத்துவிட்டது. அம்மாவின் தோளை அணைத்து உட்காரவைத்தாள்.

"அம்மா, உனக்காக எவ்வளவு செய்யறவரு. அவரைப் போய் இப்படிச் சொல்லலாமா?" பிறகு என் பக்கம் திரும்பித் தணிந்த குரலில் சொன்னாள். "டாக்டர் சொன்னாருல்ல, கூட இருக்கிறவங்களையே சந்தேகப்படுவாங்கன்னு. அது வந்துடுச்சு. நீங்க மனசுல வச்சுக்காதீங்க. ஏதாவது சொன்னீங்களா அவங்ககிட்ட?"

போன் என் சட்டைப்பையில்தான் இருந்தது. திறந்து காட்டியிருக்கலாம். இரண்டு பேரும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"டிவி எப்படி வேலை செய்யுதுன்னு சொல்லிட்டிருந்தேன்," என்றேன். "குழப்பிக்கிட்டாங்க போல. பாவம்."

அத்தை என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் கத்தவில்லை, சாதிக்கவில்லை. மெல்ல அவருடைய முதுகு நாற்காலியில் சாய்ந்தது.

"மாப்பிள்ளை சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றார்.

போன வாரம் இல்லத்தில் சேர்த்தோம். சுத்தமான அறை, சன்னலுக்கு வெளியே மரம், சுவரில் டிவி. மனைவி கேட்டாள் என்பதற்காக எங்கள் கணக்கையே அதில் போட்டுக் கொடுத்தேன். அத்தை அதைப் போடச் சொல்வதே இல்லை என்று அங்கே வேலை பார்க்கும் பெண் சொன்னாள். மாத்திரையை மட்டும் சொன்ன நேரத்துக்கு வாங்கிப் போட்டுக்கொள்கிறாராம். தலை குனிந்துதான் திரும்பி வந்தேன். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் அந்த வீட்டில் அவரிடம் உண்மையைச் சொன்ன ஒரே ஆள் நான்தான் என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.