வெள்ளம் தொட்ட தகடு

இரி மக்கா, போகாத. தகடு கொத்துகவன் பன்னெண்டு மணிக்குத்தான் வருவான். சுனாமியில செத்தவியளுக்க தகட்டுல உனக்க அம்மைக்க பேரை நான் மறந்து விட்டுடல்ல. வேணும்னுதான் எழுதாம வச்சிருக்கேன்.

கோவப்படாத. நான் சொல்லி முடிச்ச பொறவு என்ன வேணும்னாலும் பேசு.

எனக்க மவ சுஜி இங்கிலாந்துப் பக்கம் வேல்ஸ்ல நர்சா இருக்காள்லா? போன வருசம் அவகூட ஆறு மாசம் இருந்தேன். ஒரு ஞாயித்துக்கிழமை கடலுக்கரையில ஒரு சின்ன வேதக்கோயிலுக்குக் கூட்டிட்டுப் போனா. சுவருல, எனக்க இடுப்பு ஒயரத்துல, ஒரு பித்தளைத் தகடு. கடலு கேறி வந்து இந்தத் தகட்டுக்க விளிம்பு வரை வெள்ளம் வந்துதுன்னு எழுதியிருக்கு.

நம்ம சுனாமி இல்லலே. நானூறு வருசம் முன்னாடியாக்கும். தகட்டுல 1606ன்னு கெடக்கு. அவியளுக்கு அப்பம் மார்ச்சுலதான் வருசம் பொறக்குமாம். நம்ம கணக்குக்கு 1607, ஜனவரி மாசம். காலையில ஒம்பது மணி, நல்ல வெயிலு. தூரத்துல வெள்ளையா வந்ததைப் பனின்னு நெனச்சு நின்னாவளாம். நம்ம ஆளுவளும் அப்பிடி நின்னவிய தானே.

சுஜி வாசிச்சுச் சொன்னா. அய்யாயிரத்துச் சொச்சம் பவுண்டு நஷ்டம். அதுக்குப் பொறவு, இருவத்திரண்டு ஆளு முங்கிச் செத்தாவ. அவ்வளவுதான். பேரு எங்கட்டின்னு கேட்டேன். யாருப்பா எழுதி வைப்பான்னு சிரிச்சா.  யாரு எந்தக் குழியில கெடக்கான்னு இனி சொல்லதுக்கு ஒரு ஆளு உண்டா? நானும் செத்துட்டா நம்ம ஊரும் அப்பிடித்தானேன்னு பயந்துட்டேன். அதான் வந்ததும் பங்குச் சாமியாருட்ட, பொதுக்குழியில கெடக்கவிய பேரெழுதித் தகடு வைக்கணும்னு ஒத்தக்காலுல நின்னேன்.

வெள்ளம் குடி. உனக்கு அப்பம் நாலு வயசு, ஒண்ணும் தெரியாது. கிறிஸ்மசுக்கு மறுநாளு ஞாயித்துக்கிழமை. அந்த வருசம் நம்ம அன்பியத்துல, தெருவு ஜெபக்கூட்டத்துல, உள்ள பொம்பிளைய எல்லாரும் சேந்து ஒரே மாதிரி சேலை எடுத்தாவ. நீலம், மஞ்சக் கரை. காலைப் பூசைக்கும் அதையே உடுத்துட்டுப் போனாவ. உனக்க அம்மை ஜெசிந்தாவும் அதுதான், எனக்க பெஞ்சாதி லீமாவும் அதுதான்.

கடலு கேறுன அன்னைக்குச் சாயங்காலம், செத்தவியளை ஆஸ்பத்திரி முத்தத்துல வரிசையா கெடத்தியிருந்தாவ. மொகத்தை வச்சு ஆளு தெரியாது. நான் சேலையைப் பாத்து இவதான் லீமான்னு சொன்னேன். எல்லாரையும் பொதுக்குழிக்குக் கொண்டு போனாவ. நான் ஆளுவ காலுல விழுந்து, ஒரு பெட்டி வாங்கி, எங்க குடும்பக் கல்லறையில அடக்கினேன். பெட்டி மூடுகதுக்கு முன்ன கையில ஜெபமாலை சுத்தினேன். எடது கையில தீப்பொள்ளுன ஒரு பழைய தழும்பு இருந்துது.

ஆமா மக்கா. அதுதான். உக்காரு.

அப்பம் எனக்குப் புத்தியில ஏறல்ல, சத்தியமாட்டு. மறுநாளு உனக்க அப்பா ஒன்னையத் தோளுல தூக்கிட்டு வீடு வீடா வந்தான். எடது கையில தழும்புள்ள ஆளைக் கண்டியளான்னு கேட்டான். எனக்க முன்னால வந்து நின்னப்பம்தான் நான் யாரை அடக்கினேன்னு புரிஞ்சுது. காணல்லன்னு சொன்னேன். சுஜிக்குப் பத்து வயசு. அம்மைக்கு மண்ணு போட்டுட்டு வந்து அப்பந்தான் ஒறங்கியிருந்தா. அவளை எழுப்பி, அது உனக்க அம்மை இல்லட்டின்னு எப்பிடிச் சொல்ல?

உனக்க அப்பன் சாகுக வரை தேடுனான். நான் பாத்துட்டுத்தான் இருந்தேன். அடிக்கணும்னா அடி, தடுக்க மாட்டேன். உனக்க அம்மை பொதுக்குழியில இல்ல, அதான் தகட்டுல எழுதல்ல; எங்க கல்லறையில பேரை மாத்திக் கொத்தவும் சொல்லிட்டேன். இன்னைக்குச் சுஜிக்கும் போன் போட்டுச் சொல்லணும்.

லீமாவா?

மூணாம் நாளு தாழைக்காட்டுல இன்னொரு நீலச் சேலை கெடச்சுது. கூப்பிட்டுக் காட்டினாவ. காலுவெரலு கண்டதுமே தெரிஞ்சுட்டு. அதிகாரி நோட்டைத் தொறந்து வச்சுட்டு, ஆளு யாருண்ணு தெரியுமான்னு கேட்டாரு. தெரியல்லன்னு சொல்லிட்டேன் மக்கா. அவளைப் பொதுக்குழியில எறக்குகதுக்கு ஆளு கொறவுன்னு, நானும் ஒரு கை பிடிச்சேன்.